ஜாமீனுக்கும் பிரீமியம் உண்டா? கேஸ் தள்ளுபடியானாலும் பணம் திரும்பாதது ஏன்?

கலிஃபோர்னியாவில் ஒருவரைப் போலீஸ் கைது செய்கிறது. ஜாமீன் தொகை 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அம்மாவோ மனைவியோ ஜாமீன் பத்திர ஏஜென்சியைத் தேடிப் போகிறார். '10 சதவீதம் கட்டுங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம்' என்கிறார் ஏஜென்ட். 5,000 டாலர் பிரீமியம், கூடவே ஒரு கையெழுத்து. ஆள் வெளியே வந்துவிடுகிறார்.

இரண்டு மாதம் கழித்து வழக்கு தள்ளுபடியாகிறது. அந்த 5,000 டாலர் திரும்ப வருமா? வராது. பாதிப் பணத்தைத் தவணையில் தருவதாகச் சொல்லியிருந்தால், மிச்சத் தவணையையும் கட்டியாக வேண்டும்.

இது ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

ஜாமீன் எப்படி இன்சூரன்ஸ் ஆனது?

முழுத் தொகையையும் நீங்களே நீதிமன்றத்தில் கட்டினால், அது டெபாசிட் மாதிரி. எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக ஆஜரானால் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்.

ஏஜென்சி வழியாகப் போனால் கதை வேறு. 'இவர் ஆஜராகாவிட்டால் 50,000 டாலரையும் நாங்கள் கட்டுகிறோம்' என்று நீதிமன்றத்துக்கு உத்தரவாதம் தருவது ஏஜென்சிக்குப் பின்னால் இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி. அதனால் கலிஃபோர்னியாவில் ஜாமீன் ஏஜென்டுக்கு லைசென்ஸ் தருவது மாநில இன்சூரன்ஸ் துறை. பிரீமியம் விகிதத்துக்கும் அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும்.

கார் இன்சூரன்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் விபத்தே நடக்கவில்லை என்பதற்காக பிரீமியத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஜாமீன் பிரீமியத்துக்கும் அதே கணக்கு. ஆள் வெளியே வந்ததுமே அது கம்பெனியின் சம்பாத்தியம். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒழுங்காக நடந்துகொள்பவரை ஏஜென்ட் காரணமே இல்லாமல் திரும்ப ஜெயிலில் ஒப்படைத்தால், பிரீமியத்தைத் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. கார் விபத்தில் சிக்கினால் நஷ்டம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. ஜாமீனில் வந்தவர் ஓடிவிட்டால், கம்பெனி நீதிமன்றத்துக்குக் கட்டும் பணத்தைக் கையெழுத்துப் போட்ட அம்மாவிடம் கேட்கும். அடமானமாக வீட்டுப் பத்திரம் கொடுத்திருந்தால் அதன் மீதும் கை வைக்கும். பிரீமியம் கட்டுவதும் அவர், ரிஸ்க்கைச் சுமப்பதும் அவர்தான்.

இங்கிலாந்து ஒரு பக்கம், அமெரிக்கா ஒரு பக்கம்

இந்த வியாபாரத்தை எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் 1885-ல் ஒரு வழக்கு வந்தது. நன்னடத்தைக்கு ஜாமீன்தாரர் தரும்படி உத்தரவிடப்பட்ட ஒருவர், தனக்காக நின்றவரிடம் முன்கூட்டியே பணத்தைக் கொடுத்து வைத்திருந்தார். பிறகு அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த ஒப்பந்தமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். தனக்கு நஷ்டம் வரும் என்ற பயம் இருந்தால்தான் ஜாமீன்தாரர் அந்த நபரைக் கண்காணிப்பார், நஷ்டத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் அவருக்கு என்ன அக்கறை இருக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. 1976-ம் ஆண்டின் இங்கிலாந்து ஜாமீன் சட்டத்தில், ஜாமீன்தாரருக்கு நஷ்டஈடு தருவதாக ஒப்பந்தம் போடுவது குற்றமாகவே சேர்க்கப்பட்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1912-ல், லியரி வழக்கில், எதிர்த்திசையில் போனது. ஜாமீன்தாரருக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இருந்த பழைய தனிப்பட்ட உறவு மறைந்துவிட்டது, இப்போது இது வெறும் பண விவகாரம் என்று எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஆகவே நஷ்டஈட்டு ஒப்பந்தம் செல்லும் என்றார். ஜாமீனைத் தொழிலாக நடத்துவதற்கு இருந்த பழைய சட்டத் தடை அமெரிக்காவில் இப்படி விலகியது.

ஆள் வராவிட்டால் சட்டம் யார் பக்கம்?

குற்றம்சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராவிட்டால், ஜாமீன் தொகை பறிமுதல் என்று நீதிபதி அறிவிப்பார். ஆனால் கலிஃபோர்னியாவில் பணம் உடனே போய்விடாது. ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு. நீதிமன்ற ஊழியர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பத் தவறினால், கம்பெனி பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடும்.

பறிமுதலைச் சட்டம் விரும்புவதில்லை, அதனால் விதிகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும் என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லிவரும் விளக்கம். நடைமுறையில் சின்னத் தவறு நடந்தாலும் கம்பெனி தப்பிக்கலாம்.

அப்போ கையெழுத்துப் போட்டவருக்கு?

இதற்குப் பதில் 2021-ல்தான் வந்தது. பாக்கி பிரீமியத்தைக் கேட்டு, நண்பருக்காகக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண் மீது ஜாமீன் கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. அவர் எதிர்வழக்குப் போட்டார். கலிஃபோர்னியா சட்டப்படி, ஒருவரின் கடனுக்கு இன்னொருவர் கையெழுத்துப் போடும்போது, 'இந்தக் கடனுக்கு நீங்கள் பொறுப்பாகிறீர்கள், அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்' என்ற எச்சரிக்கையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தனக்கு அது தரப்படவில்லை என்றார் அந்தப் பெண்.

ஜாமீன் பத்திரத்துக்கு என்று தனி விதிகள் இருக்கும்போது நுகர்வோர் கடன் சட்டம் இங்கே பொருந்துமா? பொருந்தும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பிரீமியத்தை ரொக்கமாக வாங்காமல் தவணையில் வசூலித்தால், அது குடும்பத் தேவைக்காகக் கொடுக்கப்பட்ட கடன்தான். எச்சரிக்கை கொடுக்காமல் வாங்கிய கையெழுத்தை வைத்துப் பணம் வசூலிக்க, வழக்கு முடியும்வரை கீழ் நீதிமன்றம் போட்ட தடையும் உறுதியானது.

ஃப்ரிட்ஜை இஎம்ஐ-யில் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, மகனை ஜெயிலிலிருந்து மீட்பவருக்கும் உண்டு என்று இந்தத் தீர்ப்பை எளிமையாகச் சொல்லலாம்.

பிரீமியம்கூட கட்ட முடியாதவர்கள்?

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில், ஹம்ஃப்ரி வழக்கில், இதைத் தொட்டது. 7 டாலரும் ஒரு வாசனைத் திரவியப் பாட்டிலும் பறித்ததாகக் கைதான முதியவருக்கு முதலில் நிர்ணயித்த ஜாமீன் 6 லட்சம் டாலர். பின்னர் அது மூன்றரை லட்சமாகக் குறைந்தது. அதுவும் அவரால் முடியாத தொகை. கையில் பணம் இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து ஒருவரின் சுதந்திரத்தை முடிவு செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம்.

இல்லினாய் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 செப்டம்பர் 18 முதல் அங்கே பண ஜாமீனே கிடையாது.

நம்ம ஊரில் எப்படி?

இந்தியாவில் பிரீமியம் வாங்கும் ஜாமீன் கம்பெனி இல்லை. ஜாமீன்தாரருக்கு நஷ்டஈடு தருவதாகப் போடும் ஒப்பந்தம், பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்பதால் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ன் கீழ் செல்லாது. ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் ஜாமீன்தாரர் நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பதைத் தொழிலாகச் செய்பவர்களைத் தடுப்பதற்கு இது உதவும்.

ஆனால் பணமில்லாதவரின் பிரச்சினை இங்கேயும் தீரவில்லை. 1978-ல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லி ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார். ஒரு தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்து உள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார் நீதிபதி கிருஷ்ணய்யர். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31-ல் அதே நீதிமன்றம் வழிகாட்டியது.

'ஒரு கையெழுத்துதானே' என்று யாராவது கேட்டால்…

* நீங்கள் ஜாமீன் நின்றவர் ஆஜராகாவிட்டால், பத்திரத்தில் உள்ள தொகையை நீதிமன்றம் உங்களிடம் அபராதம்போல வசூலிக்கலாம்.
* அப்படியும் வசூலாகாவிட்டால், 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க முடியும்.
* ஆஜராகாததற்கு நியாயமான காரணம் இருந்தால் அதை விளக்க உங்களுக்கு வாய்ப்புத் தரப்படும். காரணத்தைப் பதிவு செய்து, தொகையில் ஒரு பகுதியை நீதிபதி தள்ளுபடி செய்யலாம்.
* நம்பிக்கை போய்விட்டதா? ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விலக எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். அந்த நபரை நீதிமன்றம் வரவழைத்து வேறு ஜாமீன்தாரரைக் கேட்கும். அவர் ஓடிப்போவதற்கு முன் அந்த மனுவைப் போட்டுவிடுவது நல்லது.