பிள்ளையின் நிறை ஏறுகிறதா?

கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம், "பிள்ளை எப்படி இருக்கு?" என்று நாங்கள் கேட்பதுண்டு. "நல்லா இருக்குங்க, காய்ச்சல் சளி ஒண்ணும் இல்ல" என்பார்கள். காய்ச்சல் இல்லாவிட்டால் மட்டும் பிள்ளை சரியாக வளர்கிறது என்று சொல்ல முடியாது. அதைக் காட்டுவது தராசும் வளர்ச்சி அட்டையும்தான்.

3 கிலோ நிறையில் பிறந்த பிள்ளை 5, 6 மாதத்தில் சுமார் 6 கிலோவும், ஒரு வயதில் சுமார் 9 கிலோவும் இருக்கவேண்டும். நிறை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கும் அட்டையில் கோடு மாதாமாதம் மேலே ஏறவேண்டும். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் ஏதோ குறை இருக்கிறது.

பெரும்பாலும் 6 மாதத்துக்குப் பிறகுதான் கோடு படுக்கிறது. அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சாப்பாடும் வேண்டும். அம்மா கொழுந்துக்குப் போனபின் பிள்ளை அழுதால், சீனி போட்ட தேத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்து ஊட்டுவது லயங்களில் வழக்கம். பிள்ளையின் வயிறு சின்னது. தேத்தண்ணி நிரம்பினால் சோறு இறங்காது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் சாயம் குறைத்துவிடும். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும். நாம் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது.

சோற்றையும் பருப்பையும் கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் மசித்துக் கொடுங்கள். கீரை, பூசணி, முட்டை, நெத்தலித்தூள் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். தொடக்கத்தில் நாளைக்கு 2, 3 தடவை, 9 மாதத்திலிருந்து 3, 4 தடவை கொடுக்கவேண்டும். பிள்ளைக் காம்பராவில் விடும்போதும் இந்தச் சாப்பாட்டையே கட்டிக் கொடுங்கள். கிளினிக்கில் திரிபோஷ கொடுத்தால் அது அந்தப் பிள்ளைக்குத்தான், வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டாம்.

அரைப் பேர் போகுமே என்று நிறுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். அம்மாவுக்கு வரமுடியாவிட்டால் அப்பாயியோ அம்மாயியோ அட்டையோடு பிள்ளையைத் தூக்கி வரலாம். ஒரு மாதம் நிறை ஏறாவிட்டாலே மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். முதல் இரண்டு வருடத்தில் விட்டுப்போன வளர்ச்சியைப் பின்னால் ஈடுசெய்வது கஷ்டம். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மாதாமாதம் எடுத்துப் பார்ப்போம்.