முதலில் சூடு, பிறகு பால்

கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்து கத்தினால், நாம் முதலில் தேடுவது பால் கிண்ணத்தைத்தான். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டியை அந்த அவசரமே கொன்றுவிடலாம்.

அதற்கும் முன்னால், குட்டி உண்மையிலேயே அநாதைதானா என்று பார்க்க வேண்டும். குட்டி போட்ட பூனை ஏழு இடம் மாற்றும் என்பார்கள். ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். நாம் பார்ப்பது அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் குட்டியாக இருக்கலாம். குட்டி சூடாக, ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் எட்ட நின்று சில மணி நேரம் கவனிப்பது நல்லது. நாம் பக்கத்திலேயே நின்றால் தாய் வராது.

தாய் வரவில்லை, குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் சூடுதான் முதல் வேலை. பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். அவ்வளவு சிறிய உடலில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். உள்ளே உண்டாகும் வெப்பம் உடனே வெளியேறிவிடும். குளிர்ந்தால் நமக்கு உடல் நடுங்கும், அந்த நடுக்கமே வெப்பம் தரும். முதல் வாரக் குட்டிக்கு நடுங்கவே தெரியாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் குவியலும்தான் அதன் அடுப்பு. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். இந்தக் குட்டிக்கு 35 முதல் 37 வரைதான். அதற்கும் கீழே இறங்கினால் குடலின் அசைவு நிற்கத் தொடங்கும், உறிஞ்சும் வேகமும் போய்விடும். அந்த நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றில் தேங்கும், அல்லது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும்.

அதனால் துணி சுற்றிய வெந்நீர்ப் பையையோ நம் உடம்புச் சூட்டையோ கொண்டு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வேண்டும். சென்னையின் கோடை இரவுகூட இதற்குச் சற்றுக் குறைவுதான். சூடு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். அதிகமானால் குட்டி தானே ஊர்ந்து விலகிக்கொள்ளும். வைணவத்தின் தென்கலை மரபில் பூனைக்குட்டி முழுச் சரணாகதிக்கு உவமை: தாய் கவ்வுகிறது, குட்டி சும்மா கிடக்கிறது. உயிரியல் இதைக் கொஞ்சம் திருத்தும். கண்ணும் காதும் மூடியிருக்கும்போதே மோப்பத்தாலும் வெப்ப உணர்வாலும் குட்டி தாயைத் தேடி நகர்கிறது. சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதிலேயே குடிக்கிறது.

இனி பால். பசும்பாலில் புரதம் சுமார் 3.3 சதவீதம், பூனைப்பாலில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். லாக்டோஸ் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வேண்டிய சக்தி கிடைக்கும் அளவுக்குப் பசும்பாலைக் கொடுத்தால், குடல் தாங்காத லாக்டோஸும் கூடவே போய்ப் பேதி பிடிக்கும். டாரின் என்ற பொருளும் பசும்பாலில் மிகக் குறைவு; பூனையின் உடல் அதைத் தேவையான அளவு தயாரித்துக்கொள்ளாது. பாலின் முக்கியப் புரதமான கேசீனை மட்டுமே புரதமாகத் தின்ற பூனைகளுக்கு டாரின் குறைந்து விழித்திரை அழிந்துபோவதை 1975இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே குறை இதயத்தையும் வீங்க வைக்கும் என்று 1987இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எனவே பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் வேண்டும். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல மல்லாக்கக் கிடத்தக் கூடாது. வயிறு கீழே, தலை சற்றே நிமிர்ந்து. சீம்பாலுக்கு மட்டும் இந்தப் பால்பவுடர் மாற்றாகாது. தாயின் நோயெதிர்ப்புப் பொருள்களைக் குட்டியின் குடல் உள்ளே விடுவது ஏறத்தாழ முதல் நாள் மட்டும்தான்.

புதிதாக வளர்ப்பவர்கள் திகைப்பது அடுத்த கட்டத்தில். குட்டி நன்றாகக் குடிக்கிறது, வயிறு உப்புகிறது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. முதல் மூன்று வாரங்களுக்குச் சிறுநீரோ மலமோ அதனால் தானாகக் கழிக்க முடியாது. தாயின் நாக்கு அந்த இடத்தை நக்கினால்தான் அனிச்சை தூண்டப்படும். வந்ததைத் தாயே விழுங்கிவிடும். அருவருப்பாகத் தோன்றினாலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது: படுக்கை ஈரமாகாது, மோப்பம் பிடித்து வரும் பகைவனுக்குத் தடமும் கிடைக்காது. நாம் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாகப் போகிறதா என்பதைச் சமையலறைத் தராசு சொல்லிவிடும். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டாலே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். இந்த வயதில் நோய் வேறு முன்னறிவிப்புத் தருவது அரிது.

கண் 7 முதல் 14 நாட்களுக்குள் திறக்கும், எல்லாக் குட்டிக்கும் நீலமாக. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை யார் உறவு, யார் அந்நியர் என்று அது பழகும் காலம். மனிதக் கை பட வேண்டியது அப்போதுதான். இன்னொரு பூனைக்குட்டியின் பல்லும் நகமும் அதே அளவுக்கு வேண்டும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைத் திருப்பிக் கடிக்கும் குட்டிதான் கற்றுக்கொடுக்கும். அக்கம்பக்கத்தில் குட்டி போட்ட பூனை ஏதாவது இருந்தால், தன் குட்டிகளோடு இதையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் பாட்டிலும் பஞ்சும் தேவைப்படாது.