ஐப்பசி, கார்த்திகையில் விளக்குப் பொறியும் பூச்சிக் கணக்கும்

ஐப்பசி பிறந்ததும் வீட்டு விளக்குகளைச் சுற்றிப் பூச்சிகள் மொய்ப்பதை யாவரும் அறிவர். அவற்றுள் நெற்பயிருக்குப் பகையானவை எவை, எத்தனை எனக் கணக்கெழுதி வைப்போர் சிலரே. சம்பாப் பயிர் தூர் கட்டும் இப்பருவத்தில் அக்கணக்கு மிக்க பயன் தருவதாகும்.

பொறி அமைப்பது எளிது. வயலோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதன்கீழ் அகன்ற தொட்டியில் நீர் நிரப்பிச் சிறிது மண்ணெண்ணெய் விடவேண்டும். பயிரின் நடுவே விளக்கு வைத்தல் தகாது. நீரில் விழாத தாய்ப்பூச்சிகள் அருகிலுள்ள பயிரிலேயே முட்டையிடும். அந்தி முதல் இரவு 10 மணி வரை எரித்தால் போதும்.

காலையில் குருத்துப்பூச்சியின் அந்துக்களை முதலில் பிரித்து எண்ணுக. பெண் அந்து மஞ்சள் நிறமுடையது. முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. ஆண் சிறியது, மங்கிய பழுப்பு நிறமுடையது. பெண் அந்து இலைநுனியருகே குவியலாக முட்டையிட்டு உரோமத்தால் மூடிவிடும். 5 முதல் 8 நாட்களில் புழுக்கள் வெளிப்பட்டுத் தண்டைத் துளைக்கும். இளம்பயிரில் நடுக்குருத்துக் காயும். கதிர் வரும் பயிரில் மணி பிடிக்காத வெண்கதிர் தோன்றும். வெண்கதிர் கண்டபின் மருந்தடிப்பது வீண்செலவு. ஆகையால் அந்துக்கள் பெருகிய மறுநாளே வயலில் இறங்கி முட்டைக் குவியல்களைத் தேடிக் கிள்ளி அழிக்கவேண்டும். சதுர மீட்டருக்கு 2 குவியல்கள் காணப்படின் தாமதமின்றி வேளாண்மை அலுவலரைக் கலந்து தக்க முறையைக் கையாளுக.

கணக்கில் தேதி, திதி, மழை, காற்று, பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். விளக்கும் இடமும் நேரமும் மாறலாகாது. மாறினால் ஒரு நாளை மற்றொரு நாளோடு ஒப்பிட இயலாது. திதியைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1933 முதல் இரவுதோறும் விளக்குப் பொறி வைத்து எண்ணியதில், நிலவொளி மிக்க இரவுகளில் பூச்சிகள் குறைவாகவே விழுந்தன. எனவே பௌர்ணமியில் பொறி வெறுமையாயிருப்பதைக் கண்டு பயிர் தப்பியதென்று எண்ணுவது பிழை. அமாவாசைக் கணக்கை முந்திய அமாவாசைக் கணக்கோடு ஒப்பிடுதலே முறை.

பொறியில் விழுவன யாவும் பகையல்ல. பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் வண்டுகளும் விழும். அவை மிகுதியாக விழும் இரவுகளில் விளக்கை அணைத்து விடுதல் நலம்.

கிராம அலுவலர்கள் ஊருக்கு ஒரு பொறியேனும் வைக்கச் செய்து, அதன் கணக்கைப் பலர் காணுமிடத்தில் எழுதி வைப்பாராயின், ஒருவர் வயலிற் கண்ட ஆபத்து ஊரார் அனைவர்க்கும் முன்னறிவிப்பாகும். ஒரு குறிப்பேடும் நாள்தோறும் கால்மணி நேரமுமே இதற்கு ஆகும் செலவு.