இருபதாயிரம் பிள்ளைகளும் ஐம்பது இரட்டையரும்

எண்களைக் கேட்போம் – 12

1930 பிப்ரவரி. ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இரும்பு ஆலைகளுக்கும் பேர்போன லானார்க்‌ஷயர் மாவட்டம். அங்கே 67 பள்ளிகளில் பத்தாயிரம் பிள்ளைகளுக்குத் தினமும் முக்கால் பைன்ட் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் கணக்கில் அது சுமார் 425 மில்லி. அதே பள்ளிகளில் படித்த இன்னொரு பத்தாயிரம் பேருக்குப் பால் இல்லை. ஜூன் மாதம் வரை இப்படியே போனது. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை எல்லோருடைய எடையையும் உயரத்தையும் அளந்தார்கள். செலவு ஏறக்குறைய 7,500 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

பால் குடித்தவர்கள் எடையிலும் உயரத்திலும் கூடுதலாக வளர்ந்திருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. இருபதாயிரம் பேரை அளந்து சொன்ன முடிவு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சந்தேகத்தை அளக்கும் முறை

இரண்டு குழு மாணவர்களை ஒப்பிடும்போது வரும் முதல் சந்தேகம், வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமோ என்பதுதான். அதை அளக்கத்தான் கருதுகோள் சோதனை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர். புதிய முறையில் கணக்குப் படித்த வகுப்பின் சராசரி 62, பழைய முறையில் படித்த வகுப்பின் சராசரி 58. இரண்டிலும் திட்டவிலக்கம் 10.

முதலில், “புதிய முறையால் எந்தப் பலனும் இல்லை” என்று வைத்துக்கொள்கிறோம். இதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையானால், இரண்டு சராசரிகளுக்கும் இடையில் எவ்வளவு ஏற்ற இறக்கத்தை எதிர்பார்க்கலாம்? அந்த அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். இந்தக் கணக்கில் அது சுமார் 2.6. கிடைத்த வித்தியாசமான 4-ஐ அதால் வகுத்தால் 1.55. இதுவே டி-மதிப்பு. பலனே இல்லாத நிலையிலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை வாய்ப்புண்டு. அதுதான் பி-மதிப்பு. வழக்கமாக நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால்தான் “தற்செயல் என்று ஒதுக்க முடியாது” என்பார்கள். ஆக, நான்கு மதிப்பெண் முன்னே நின்றும் புதிய முறை இந்தச் சோதனையைத் தாண்டவில்லை.

“பலன் இல்லாமல் இருக்க 13 சதவீத வாய்ப்பு” என்று இதைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. பலன் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கியவர்கள் நாம்தான். அந்த அனுமானமே உண்மையா என்பதற்கான வாய்ப்பை அதே கணக்கு சொல்லாது.

இப்போது ஆட்களைக் கூட்டிப் பாருங்கள். குழுவுக்கு 300 பேர் என்றால் அதே நான்கு மதிப்பெண்ணுக்கு டி-மதிப்பு 4.9. சந்தேகம் பறந்துவிடும். குழுவுக்குப் பத்தாயிரம் பேர் என்றால் வெறும் 0.3 மதிப்பெண் வித்தியாசமே ஐந்து சதவீத எல்லையைத் தாண்டிவிடும். லானார்க்‌ஷயரில் அத்தனை பேரைத் திரட்டியதன் பலம் இதுதான். ஆபத்தும் இதில்தான் இருந்தது.

ஆசிரியரின் இரக்கம்

யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்று தீர்மானித்தது எப்படி? சில பள்ளிகளில் சீட்டுக் குலுக்கினார்கள், சில பள்ளிகளில் பெயர்களின் அகரவரிசைப்படி பிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஒரு பக்கம் ஊட்டமான பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ அதிகமாகத் தெரிந்தால், ஆளை மாற்றிச் சமப்படுத்தலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். எதிரே ஒட்டிய கன்னத்தோடு ஒரு பிள்ளை நிற்கும்போது எந்த ஆசிரியருக்கு மனம் கேட்கும்? வாடிய பிள்ளைகள் பால் வரிசைக்கு நகர்ந்தார்கள்.

பிப்ரவரியில் எடுத்த அளவுகளே இதைக் காட்டிக்கொடுத்தன. பால் பெறாத குழு, தொடக்கத்திலேயே எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தது. பால் விநியோகம் தொடங்கும் முன்பே இரண்டு குழுக்களும் வேறு வேறு பிள்ளைகளாக இருந்தன.

இதைச் சுட்டிக்காட்டியவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். “ஸ்டூடண்ட்” என்ற புனைபெயரில் 1908-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் டி-சோதனையே பிறந்தது. 1931-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் அதே பெயரில் இந்தப் பால் சோதனையைப் பிரித்து அலசினார்.

அவர் பிடித்த இன்னொரு ஓட்டை உடை. பிள்ளைகளை உடுப்போடுதான் எடை போட்டார்கள். பிப்ரவரியில் கடுங்குளிர், ஜூனில் கோடை. வசதியான வீட்டுப் பிள்ளை குளிரில் கனமான கம்பளி போட்டு வரும், கோடையில் அதைக் கழற்றிவிடும். ஏழைப் பிள்ளையிடம் கழற்ற அவ்வளவு இல்லை. பால் குழுவில் ஏழைகள் கூடுதல் என்றால், கம்பளியின் எடைகூடப் பாலின் கணக்கில் வரவாகிவிடும்.

மூன்றாவது ஓட்டை: பால் பெற்றவர்களில் பாதிப் பேருக்குக் கறந்த பால், மீதிப் பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு வகைதான். எனவே எந்தப் பால் மேல் என்று ஒப்பிடப் போனால் பாலோடு பள்ளியும் ஊரும் சேர்ந்தே ஒப்பிடப்படும்.

தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய தராசில் எத்தனை தடவை நிறுத்தாலும் எடை ஒன்றுபோலவே வரும், ஆனால் தப்பாகவே வரும். டி-மதிப்பு தற்செயலை மட்டுமே அளக்கிறது. ஆள் பிரித்ததில் நுழைந்த சாய்வு அதன் கண்ணில் படாது. ஆட்கள் கூடக் கூட அந்தச் சாய்வையே இன்னும் உறுதியாகச் சொல்லும்.

பால் பயன் தரவில்லை என்று கோசெட் சொல்லவில்லை. எவ்வளவு பயன் என்பதை இந்தச் சோதனையிலிருந்து எடுக்க முடியாது என்றார். மாற்று வழியும் காட்டினார். உருவொத்த இரட்டையர் 50 ஜோடிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் நாணயம் சுண்டி ஒருவருக்குப் பால் கொடுத்தால் போதும். செலவு நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும், முடிவோ இருபதாயிரம் பேரைவிட நம்பகமாக இருக்கும் என்பது அவர் வாதம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே உடல்வாகு. மிஞ்சும் வித்தியாசத்துக்குப் பாலும் தற்செயலும் மட்டுமே காரணமாக முடியும். அந்தத் தற்செயலை அளக்கத்தான் டி-சோதனை இருக்கிறதே.

நம் வகுப்பறைக்கு

மாலைச் சிறப்பு வகுப்புக்கு வந்தவர்கள் வராதவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்கள் என்று யாராவது பட்டியல் காட்டினால், பி-மதிப்பைக் கேட்கும் முன் வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் வகுப்புக்கு வரலாம் என்பதை யார் தீர்மானித்தது? வகுப்பு தொடங்கும் முன் இரண்டு குழுவும் என்ன மதிப்பெண் வாங்கின? ஒரு குழு முழுக்க ஓர் ஆசிரியர், மறு குழு முழுக்க வேறோர் ஆசிரியரா? அப்படியானால் 60 மாணவர்கள் இருந்தாலும் அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு ஆசிரியர்களைத்தான்.

ஆர்வமுள்ளவர்கள் தாங்களாகவே சேர்ந்த வகுப்பென்றால், அந்த வித்தியாசத்தில் வகுப்பின் பங்கு எவ்வளவு, ஆர்வத்தின் பங்கு எவ்வளவு என்று எந்தச் சூத்திரமும் தானாகப் பிரித்துத் தராது. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் சீட்டுக் குலுக்குங்கள். முந்தைய தேர்வில் ஒத்த மதிப்பெண் வாங்கியவர்களை ஜோடி சேர்த்துக்கொண்டு குலுக்கினால் இன்னும் நல்லது. குலுக்கிய பிறகு யார்மீது இரக்கம் வந்தாலும் பெயரை மாற்றாதீர்கள். நலிந்த பிள்ளைக்கு உதவ வேண்டுமென்றால், அவரைச் சோதனைக்கு வெளியே வைத்துத் தாராளமாக உதவுங்கள்.

அடுத்த வாரம் குலுக்கலுக்கே வழியில்லாத ஒரு வழக்கு. 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. தற்செயலாக வந்த வித்தியாசம் இல்லை என்று சோதனை அடித்துச் சொன்னது. ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

(தொடரும்)