வரப்போகும் வண்டி

வருவதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மனிதனுடன் பிறந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை வரும் என்பார் உழவர். காற்றின் திசை மாறினால் மீன் வரத்தும் மாறும் என்பார் பரதவர். தேர்வு நெருங்கும்போது எந்த வினா வரும் என்று கணக்குப் போடாத மாணவர் உண்டோ? இவையெல்லாம் ஊகங்களே. ஊகிப்பது குற்றமன்று, ஊகமே இல்லாவிட்டால் விஞ்ஞானமும் இல்லை. ஆனால் நல்ல ஊகம் ஒன்று, வெறும் ஊகம் ஒன்று என இரண்டு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை, இளைஞர் பலர் விரும்பிப் பேசும் ஒரு பொருளைக் கொண்டே விளக்க எண்ணுகிறேன். அந்தப் பொருள், இனி வரப்போகும் மோட்டார் சைக்கிள்.

நான் வாழும் அடி அண்ணாமலை, திருவண்ணாமலையின் பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில், பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் அமைந்த சிற்றூர். பௌர்ணமி நாள்களில் அந்தப் பாதை நடப்பவர்களுக்கே உரியது. மற்ற நாள்களில், சிறப்பாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர் பலரை இங்கே காணலாம். தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியதும் அவர்கள் பேசத் தொடங்குவது தாம் ஏறிவந்த வண்டியைப் பற்றியன்று; இன்னும் பிறவாத வண்டியைப் பற்றி. ஒருவர் தம் கைப்பேசியில் மங்கலான நிழற்படம் ஒன்றைக் காட்டுவார். மற்றொருவர், “இதன் பெயர் பதிவாகிவிட்டது” என்பார். மூன்றாமவர் விலையையே சொல்லிவிடுவார். உள்ளூர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று கண் இமையாமல் கேட்பார்கள். அவர்களுடன் நானும் பலமுறை நின்று கேட்டிருக்கிறேன்.

கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது நம் முன்னோர் வகுத்த அளவை நூல்தான். ஒரு பொருளை நாம் எவ்வாறு அறிகிறோம் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். அறியும் வழிகளைப் பலவாக எண்ணியவர்களும் உண்டு. சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். கண்ணாலும் பிற புலன்களாலும் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

கருதலுக்கு அளவை நூலார் காட்டும் உதாரணம் எங்கள் ஊராருக்கு மிகவும் பொருந்தும். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டோம் அல்லவா? மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் தருக்கத்திலும் இந்த உதாரணம் வருகிறது. அதனுடன் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. தெரிவது புகைதானா, பனியா, நீராவியா என்ற ஐயம் தீராத நிலையில் நெருப்பு உண்டென்று முடிவு கட்டலாகாது. அத்தகைய காரணம் காரணம் போலத் தோன்றுமேயன்றிக் காரணம் ஆகாது. அதற்கு ஏதுப்போலி என்று பெயர். இந்த மூன்று அளவைகளையும் இந்த ஓர் எச்சரிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைப் பேச்சை ஆராய்வோம்.

முதலில் காண்டல். 1955-ஆம் ஆண்டு முதல் சென்னையை ஒட்டிய பகுதி ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளுக்குத் தாயகமாக இருந்து வருகிறது. திருவொற்றியூரில் தொடங்கிய தொழில் 2013-இல் ஒரகடத்துக்கும், 2017-இல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. புதிய வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவருமுன் அதை உண்மையான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடு பள்ளம், வெயில், மழை, நெரிசல் ஆகிய அனைத்தையும் அது தாங்க வேண்டும். ஆகவே எந்த நிறுவனமும் தன் வண்டியை முழுவதும் ஒளித்து வைக்க இயலாது, வேடமிட்டுத்தான் அனுப்பும். கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளை வண்டியின் மேல் ஒட்டுவார்கள். அந்தச் சுழிகள் கண்ணை ஏமாற்றி, வளைவு எது, விளிம்பு எது என்று தெரியாமல் செய்துவிடும்.

இருந்தாலும் வேடத்தால் மறைக்க முடியாதவை சில உண்டு. எஞ்சினிலிருந்து சைலன்சருக்குச் செல்லும் குழாய் எஞ்சினின் முகப்பில் ஒன்றுதானா, இரண்டா? இரண்டானால் உருளைகளும் இரண்டு என்று கருதலாம். எஞ்சினுக்கு முன்னே ரேடியேட்டர் இருக்கிறதா? இருந்தால் அது நீர்மத்தால் குளிர்விக்கப்படும் எஞ்சின். 2016-இல் விற்பனைக்கு வந்த முதல் ஹிமாலயன் வண்டியில் ரேடியேட்டர் இல்லை. அதன் எஞ்சின் 411 சி.சி. அதற்கு அடுத்ததாக வரவிருந்த வண்டி வேடமிட்டுச் சாலைக்கு வந்தபோது, ரேடியேட்டரைக் கண்ட ஆர்வலர்கள், இது பழைய எஞ்சினின் திருத்தமன்று, புதிய எஞ்சின் என்று சொன்னார்கள். 2023 நவம்பரில் 452 சி.சி. எஞ்சினுடன் அந்த வண்டி வெளிவந்தபோது அவர்கள் சொன்னது மெய்யாயிற்று. இது புகையைப் புகை என்றே தெளிந்து நெருப்பைக் கருதியது, நல்ல ஊகம். ஆனால் அதே நிழற்படத்தைக் கொண்டு ஒருவர் வண்டியின் விலையையும் சொன்னால், எதைக் கண்டு அதைக் கருதினீர் என்று நாம் கேட்க வேண்டும். ரேடியேட்டரில் விலை எழுதியிருப்பதில்லை.

அடுத்தது உரை. “பெயர் பதிவாகிவிட்டது” என்றால் என்ன பொருள்? நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி, இனிமேல் பயன்படுத்தக் கருதும் ஒரு பெயருக்கும் விண்ணப்பம் செய்யலாம். விண்ணப்பங்களை எவரும் பார்வையிடலாம். ஆகவே இது அரசாங்க ஏட்டிலிருந்து கிடைத்த உரை; வதந்தியன்று. ஆனால் அந்த ஏடு சொல்வது எவ்வளவு? இந்த நிறுவனம் இந்தப் பெயரைக் கேட்டது என்பது மட்டுமே. பிறர் எடுத்துக்கொள்ளாதிருக்கும் பொருட்டே ஒரு நிறுவனம் பல பெயர்களைக் கேட்டு வைப்பதும் உண்டு. பதிவு பெற்ற பெயர் ஐந்தாண்டுக்கு மேல் பயன்படாமல் கிடந்தால், அதை நீக்கும்படி பிறர் கோரவும் சட்டம் இடம் தருகிறது. பயன்படாமலே கிடக்கும் பெயர்கள் உண்டு என்பதை அந்த விதியே காட்டவில்லையா? காப்புரிமை விண்ணப்பமும் இத்தகையதே. கொடுத்து பதினெட்டு மாதம் ஆனபின் அது பொதுவாக வெளியிடப்படும். அதைப் படித்து, நிறுவனம் எதை ஆராய்ந்தது என்று அறியலாம். எதை விற்கப்போகிறது என்று அறிய முடியாது. உரை உண்மையானதாகவே இருக்கலாம். அது சொல்லாததை அதன் வாயில் திணிப்பதுதான் பிழை.

மூன்றாவது கருதல். இதில்தான் ஆர்வலரின் திறமை முழுவதும் வெளிப்படுகிறது. தேர்ந்த ஆர்வலர் வண்டியைப் பார்க்குமுன் சட்டத்தைப் பார்க்கிறார். 2020 ஏப்ரல் முதல் நாள் நம் நாடு பாரத் நான்காம் நிலைப் புகைவிதியிலிருந்து, ஐந்தாம் நிலையைத் தாண்டி, நேரே ஆறாம் நிலைக்குச் சென்றது. அந்த நாள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே, பல வண்டிகளில் கார்புரேட்டர் போய், அளந்து எரிபொருளைப் பீய்ச்சும் கருவி வரும் என்று முன்னதாகவே சொல்ல முடிந்தது. அதற்குச் சோதிடம் தேவைப்படவில்லை. வரியும் அப்படியே. 350 சி.சி. என்பது நம் வரி விதிப்பில் ஓர் எல்லைக்கோடு. 2020-இல் மீடியார் வண்டியுடன் வந்த ராயல் என்பீல்டின் புதிய எஞ்சின் 349 சி.சி. என்பதைப் பார்த்தால், அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றதன் நன்மை விளங்கும்.

குடும்ப ஒற்றுமையும் ஒரு நல்ல ஏது. ஓர் எஞ்சினை உருவாக்கப் பெரும்பொருள் செலவாகிறது. அதை ஒரே வண்டியில் பூட்டி நிறுத்திவிட எவரும் விரும்பார். 2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரக் கண்காட்சியில் 648 சி.சி. இரட்டை உருளை எஞ்சினுடன் இண்டர்செப்டர், காண்டினென்டல் ஜி.டி. என்ற இரு வண்டிகள் காட்டப்பட்டபோதே, இந்த எஞ்சினுக்கு இன்னும் உடன்பிறப்புகள் வரும் என்று கருத இடமிருந்தது. அவ்வாறே 2023-இல் சூப்பர் மீடியாரும், 2024-இல் ஷாட்கனும், 2025-இல் கிளாசிக் 650-உம் இந்திய விற்பனைக்கு வந்தன.

எனினும் கருதல் காலத்துக்கு உட்பட்டது. 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி மாற்றி அமைக்கப்பட்டது. 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் தீர்வையும் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. பழைய வரியை வைத்து விலை கணித்தவர்களின் கணக்கெல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. அவர்கள் தருக்கம் பிழையன்று. தருக்கம் நின்ற தரை நகர்ந்துவிட்டது.

இந்த மூன்று அளவைகளிலும் சேராத நான்காவது ஒன்றும் உண்டு. அதை எந்த நூலும் அளவையாக ஏற்கவில்லை. ஆனால் தேநீர்க் கடையில் அதற்குத்தான் செல்வாக்கு மிகுதி. அது ஆசை. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 98 சி.சி. கொண்ட இரண்டு வீச்சு எஞ்சின் உடையது. அதன் ஒலியையும் பாய்ச்சலையும் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர் பலர். அது மீண்டும் வருகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாக உலவி வருகிறது. பேசுபவரை ஒன்று கேளுங்கள்: எரிபொருளுடன் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் அந்த எஞ்சின், ஆறாம் நிலைப் புகைவிதியின் வாயிலை எப்படிக் கடக்கும்? அந்தப் பெயர் வேறோர் எஞ்சின் மேல் வரலாம். அந்த எஞ்சின் அப்படியே வருவது எளிதன்று. நினைவில் இனிப்பது சந்தைக்கு வந்தே தீரும் என்று நம்புவது, பனியைப் புகை என்று கொள்வதாகும்.

இந்த ஆவல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கனடா, அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளில், முன்னே இரு சறுக்குகளும் பின்னே சுழலும் பட்டையும் கொண்டு உறைபனிமேல் விரையும் ஊர்தி ஒன்று உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பாம்பார்டியர் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூ என்னும் சிறு வண்டி அதைப் புகழ்பெறச் செய்தது. காஷ்மீரத்தின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் செல்வதும் இவ்வகை ஊர்தியே. அங்குள்ள நிறுவனங்கள் அடுத்த குளிர்காலத்து வண்டியை இந்தக் குளிர்காலம் முடியுமுன்னரே அறிவித்து, வசந்தத்தில் முன்பணம் பெறுவது வழக்கம். ஆகவே ஆர்வலர்கள் ஆண்டுதோறும் என்ன வரும் என்று ஊகிக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வண்டியைச் செய்துவந்த யமஹா நிறுவனம், தான் அத்தொழிலைவிட்டு விலகப்போவதாக 2023-இல் அறிவித்தது. அடுத்த வண்டி எப்படி இருக்கும் என்று கேட்கும்போது, அடுத்த வண்டி ஒன்று உண்டு என்பதை நாம் ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறோம். கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் ஓர் இளைஞரை அறிவேன். திருவண்ணாமலை நகரில் ஒரு கடையில் வேலை பார்த்துவந்தார். வண்டிக்கான முதல் தவணையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். பொங்கலுக்கு ஒரு புதிய வண்டி குறைந்த விலையில் வரப்போகிறது என்ற பேச்சை நம்பி, கைக்கு எட்டியிருந்த வண்டியை வாங்காமல் காத்திருந்தார். பொங்கல் போய் ஆடி வந்தது. ஆடி போய்த் தீபாவளி வந்தது. இடையில் செங்கத்தில் நல்ல சம்பளத்தில் ஒரு வேலை வந்தது. இரவு வேலை முடியும் நேரத்தில் ஊர் திரும்பப் பேருந்து இல்லை. சொந்த வண்டியும் இல்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. முடிவில் அவர் வாங்கியது முன்பு வேண்டாம் என்று விட்ட அதே வண்டிதான். அதுவும் விலை ஏறியபின். அவரிடம் பொய் சொன்னவர் எவரும் இல்லை. ஒருவர் கண்டதைச் சொன்னார். அடுத்தவர் கருதியதைச் சேர்த்தார். மூன்றாமவர் ஆசைப்பட்டதைச் சேர்த்தார். அவர் காதுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றும் ஒரே செய்தியாகிவிட்டன.

மாணவ நண்பர்களே, ஊகிப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முறையாக ஊகியுங்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். கண்டது, கேட்டது, கருதியது, விரும்பியது என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய இடத்தில், தேதியிட்டு எழுதுங்கள். கேட்டதானால் யார் சொன்னது என்றும், கருதியதானால் எதைக் கொண்டு கருதியது என்றும் குறியுங்கள். வண்டி வெளிவந்த நாளில் ஏட்டைத் திறந்து, எது பலித்தது, எது பொய்த்தது என்று அடையாளமிடுங்கள். சில மாதங்களில் எந்தப் பத்தியை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வண்டிக்காகப் பழகிய அந்தப் பழக்கம், பத்திரிகையைப் படிக்கும்போதும், சோதனைச்சாலையில் நிற்கும்போதும், வாக்களிக்கும்போதும் உங்களுக்குத் துணை செய்யும்.