எல்லை கடந்து ஊர்தி வாங்கும் உரிமை

பாசிர் கூடாங் கரையில் நின்று தெற்கே நோக்கினால் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும். இடையே இருப்பது குறுகிய கடல்தான். ஆயினும், ஒரே நிறுவனம் செய்த ஒரே வகை மோட்டார் வண்டி இக்கரையில் ஒரு விலைக்கும் அக்கரையில் வேறொரு விலைக்கும் விற்கப்படுகிறது. 1977-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஜொகூர் துறைமுகம் இவ்வூரில்தான் அமைந்துள்ளது. உலகச் சரக்கெல்லாம் தம் வாயிலில் வந்திறங்கக் காணும் மக்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. விலை எங்கே குறைவோ அங்கே சென்று வண்டியை வாங்கினால் என்ன? அதைத் தடுப்பவர் யார்?

தடுப்பவர் இருவர். ஒருவர் அரசு, மற்றவர் வண்டியைச் செய்யும் உற்பத்தியாளர். இவ்விரு தடைகளும் வெவ்வேறானவை. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லை கடந்து வண்டி வாங்க முற்படுவோர் பொருளையும் இழப்பர், வழக்கிலும் சிக்குவர். ஆதலின் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்வோம்.

உற்பத்தியாளர் எழுப்பும் வேலி

மோட்டார் நிறுவனங்கள் பொதுவாக ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஏகபோக விநியோகஸ்தரை நியமிக்கின்றன. அந்நாட்டு மக்களின் வாங்கும் ஆற்றல், நாணய மதிப்பு, போட்டி ஆகியவற்றைக் கணக்கிட்டு அங்குரிய விலையை வகுக்கின்றன. ஒரு நாட்டில் மலிவாக விற்ற வண்டி பக்கத்து நாட்டுக்குள் நுழைந்தால் இந்த விலை வகுப்பு முழுவதும் குலைந்துவிடும். ஆகவே, "உன் எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு விற்காதே" என்று விற்பனையாளருக்குக் கட்டளை பிறக்கிறது.

இதற்கு விநியோகஸ்தர் கூறும் நியாயமும் உண்டு. கடை அமைப்பதும், உதிரி பாகங்களைச் சேமித்து வைப்பதும், பழுது பார்ப்போரைப் பயிற்றுவிப்பதும் அவர் பொறுப்பு. இச்செலவு எதையும் ஏற்காத ஒருவர் வெளிநாட்டிலிருந்து வண்டியைக் கொணர்ந்து விற்றால், பயிரிட்டவன் ஒருவன் அறுத்தவன் ஒருவன் என்றாகிவிடும் அன்றோ? ஆனால், அதே வேலிதான் விலையை இறங்கவிடாமலும் காக்கிறது என்பதை மறுக்க இயலாது. வேலியின் ஒரு பக்கம் சேவை. மறு பக்கம் கொள்ளை இலாபம். இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எப்படி என்பதே சட்ட அறிஞர்கள் நெடுநாள் ஆராய்ந்த சிக்கலாகும்.

ஐரோப்பா கண்ட விடை

இச்சிக்கலைத் தெளிவாக ஆராய்ந்தது ஐரோப்பியப் பொதுச் சந்தை. 1957-இல் கையெழுத்தான ரோம் உடன்படிக்கை உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கச் சுவர்களை நீக்க வழி வகுத்தது. அரசுகள் இடித்த சுவரை வணிக நிறுவனங்கள் தம் ஒப்பந்தங்களால் மீண்டும் கட்டலாமா என்ற வினா விரைவில் எழுந்தது. கூடாது என்று 1966-இல் கிருண்டிக் என்னும் ஜெர்மானிய வானொலி நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மோட்டார் வண்டித் துறையில் நமக்கு மிகவும் பொருந்துவது போர்டு நிறுவனத்தின் வழக்கு. நம்மைப் போலவே பிரிட்டிஷாரும் சாலையின் இடப்புறம் செல்வோர். அவர்கள் வண்டியில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வண்டி விலை பிரிட்டனைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே பிரிட்டிஷார் பலர் வலக்கை ஓட்டு வண்டிகளை ஜெர்மனியில் வாங்கலாயினர். 1982 மே முதல் அத்தகைய வண்டிகளைத் தன் ஜெர்மானிய விற்பனையாளருக்கு வழங்குவதில்லை என்று போர்டு அறிவித்தது. அதன் விற்பனை ஒப்பந்தத்துக்குச் சட்ட விலக்கு அளிக்க ஐரோப்பிய ஆணையம் 1983-இல் மறுத்தது. 1985-இல் நீதிமன்றமும் அம்முடிவை ஏற்றுக்கொண்டது.

அடுத்தது வோக்ஸ்வாகன் வழக்கு. 1992-இல் இத்தாலிய நாணயமான லீராவின் மதிப்புச் சரிந்தது. அதனால் இத்தாலியில் வோக்ஸ்வாகன், அவுடி வண்டிகள் பிற நாட்டாருக்கு மலிவாயின. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தனர். ஆனால் அங்கிருந்த விற்பனையாளரோ அவர்களுக்கு விற்க அஞ்சினர். வெளியாருக்கு விற்றால் ஊக்கத்தொகை குறையும்; ஒப்பந்தமே முறியலாம். இதனை விசாரித்த ஆணையம், 1998-இல் அந்நிறுவனத்துக்கு 102 மில்லியன் எக்யு (யூரோவுக்கு முற்பட்ட கணக்கு நாணயம்) அபராதம் விதித்தது. 2000-இல் அது 90 மில்லியன் யூரோவாகக் குறைக்கப்பட்டது. 2003-இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

இவ்வழக்குகளால் தெளிந்த கொள்கை இதுவே: ஒரு வட்டாரத்துக்கு ஒரு விநியோகஸ்தரை நியமிப்பது குற்றமன்று, ஆனால், வேற்று நாட்டிலிருந்து தாமே தேடி வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பச் செய்வது குற்றம்.

நம் எல்லையில் நிலை என்ன?

இக்கொள்கையைக் கையில் ஏந்திக்கொண்டு ஜொகூர்ப் பாலத்தைக் கடக்க முடியுமா? முடியாது. இங்கே பெரிய வேலி உற்பத்தியாளருடையதன்று, அரசுகளுடையது.

மலேசியாவுக்குள் வெளிநாட்டு வண்டியைக் கொண்டுவர 'ஏ.பி.' எனப்படும் இறக்குமதி அனுமதி வேண்டும். நிறுவனத்தின் உரிமை பெற்ற விநியோகஸ்தருக்கு ஒரு வகை. பயன்படுத்தப்பட்ட வண்டிகளை இறக்கும் வணிகருக்கு 'திறந்த ஏ.பி.' எனப்படும் மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு 2010 முதல் வண்டிக்கு 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது. இதற்கு மேல் கலால் வரியும் உண்டு. 1983-இல் புரோட்டோன், 1993-இல் பெரொடுவா எனத் தேசிய நிறுவனங்கள் தோன்றின. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதே இவ்வேலியின் நோக்கம் எனக் கூறப்படுகிறது.

சிங்கப்பூரின் நோக்கம் வேறு. அங்கே சாலை இடம் குறைவு. 1990 முதல் வண்டி வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அவ்வுரிமை பத்தாண்டுகளுக்கே செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான உரிமைச் சீட்டு மட்டும் 150,001 சிங்கப்பூர் வெள்ளியை எட்டியது. விநியோகஸ்தர் அல்லாத வணிகரும் அங்கே புதிய வண்டிகளை இறக்குமதி செய்யலாம். ஆயினும் வரியும் உரிமைச் சீட்டும் அனைவருக்கும் பொது. மலேசியப் பதிவுள்ள வண்டியை வாங்கி அங்கே வைத்து ஓட்டிக்கொள்ளச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதியில்லை.

இவ்வளவு இருந்தும் உற்பத்தியாளரின் வேலி இங்கே இல்லாமற் போகவில்லை. நாம் 'ரீகோன்' என்று வழங்கும் ஜப்பானிய வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அவை போலியல்ல, அதே நிறுவனம் செய்தவையே. ஆனால் வேறு சந்தைக்கென விற்கப்பட்டவை. ஆதலின் உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாதம் அவற்றுக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. 2021-இல் லாண்ட் குரூசர் 300 வெளிவந்தபோது, குறித்த காலத்துக்குள் வெளிநாட்டுக்கு விற்கமாட்டோம் என்று வாங்குவோரிடம் ஜப்பானிய விற்பனையாளர்கள் உறுதிமொழி எழுதி வாங்கியதும் இத்தகைய வேலியே.

இவ்வாறு வேறு வழியாக வரும் அசல் பொருளை மலேசியச் சட்டம் இகழ்ந்து ஒதுக்கியதில்லை. பிரிட்டனில் செய்யப்பட்ட பனடோல் மாத்திரையை ஒரு வணிகர் இங்கே இறக்கி விற்றது பற்றிய வழக்கில், அது வணிகக் குறி மீறலாகாது என்று 1988-இல் உயர்நீதிமன்றம் கூறியது.

வாங்குவோர் அறிய வேண்டுவன

வண்டியின் அடிச்சட்ட எண்ணும் சுங்கப் பத்திரங்களும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். உத்தரவாதத்தை யார், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தப் பட்டறையில் நிறைவேற்றுவார் என்பதை எழுத்தில் பெற வேண்டும். உரிமைக் காலம் முடிந்த சிங்கப்பூர் வண்டி என்று சொல்லி, வரி கட்டாத வண்டியை அடிமாட்டு விலைக்குத் தருவாரிடம் விலகி நிற்க வேண்டும். அவ்வண்டியைப் பதியவும் முடியாது. காப்புறுதி செய்யவும் முடியாது. ஒரு நாள் அது பறிமுதலானால், விற்றவரைத் தேடிக் காண இயலாது. இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையிலேயே விழும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டி வாங்கும் தொழிலாளிக்கு அது சிறிய இழப்பன்று.

நாளைய கேள்வி

2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாசிர் கூடாங்கும் அம்மண்டலத்துள் அடங்கும். முதலீடும் சரக்கும் மக்களும் எளிதில் சென்று வருவதே அதன் குறிக்கோள். வண்டி வரிகளை அது நீக்கிவிடவில்லை. எனினும் அரசுகளின் வேலி என்றேனும் தாழுமாயின், ஐரோப்பா கற்ற பாடம் நமக்குப் பயன்படும். அரசு இறக்கிய வேலியை விநியோக ஒப்பந்தங்கள் சத்தமின்றி மீண்டும் உயர்த்திவிடக்கூடும். போட்டியைத் தடுக்கும் ஒப்பந்தங்களை விலக்கும் மலேசியப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. மறுக்கப்பட்ட வாடிக்கையாளர் முறையிட வேண்டும். முறையீட்டை விசாரிக்கும் துணிவு அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததால்தான் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து சென்றவர்களுக்கு நீதி கிடைத்தது.