கிரேக்கமும் அரபும் கற்ற பதிப்பாசிரியர் ரைஸ்கெ

18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பதிப்பு வரலாற்றில் யோகான் யாக்கோப் ரைஸ்கெயின் கிரேக்கப் பதிப்புகளே பெரிதும் பேசப்படுகின்றன. அரபு மொழியாய்வில் அவர் வகுத்த நெறி அவற்றினும் முன்னோடியானது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1716இல் சாக்சனி நாட்டுச் சோர்பிக் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 1733இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அரபு மொழியைத் தம் முயற்சியாலேயே கற்றார். லைடன் நூலகத்து அரபுச் சுவடிகளைக் காணும் வேட்கையால் 1738இல் ஹாலந்து சென்றார். அங்கு அச்சுப்படி திருத்தி வாழ்க்கை நடத்திக்கொண்டே சுவடிகளைப் படியெடுத்தார். மருத்துவமும் பயின்று 1746இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தார் அரபு மொழியை எபிரேய விவிலியச் சொற்களுக்குப் பொருள் காணும் துணைக்கருவியாகவே கொண்டனர். லைடன் பேராசிரியர் ஆல்பர்ட் ஸ்குல்டென்ஸ் இக்கொள்கையின் தலைவர். ரைஸ்கெ அவரிடம் பயின்றவரே. எனினும் இதனை ஏற்றிலர். சொல்லின் பொருளை அது வழங்கும் நூல்களில் தேடவேண்டுமேயன்றி வேர்ச்சொல்லைக் கொண்டு ஊகித்தல் பொருந்தாது என்பதும், அரபு வரலாறும் இலக்கியமும் தம்மளவிலேயே கற்கத்தக்கன என்பதும் அவர் கொள்கை. ஆசிரியரின் நூல்களையே கடுமையாக மதிப்பிட்டு எழுதினார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். 1748இல் லைப்சிக்கில் கிடைத்த பேராசிரியர் பதவி பெயரளவினது, ஊதியம் சொற்பம். அபுல்ஃபிதாவின் வரலாற்று நூலுக்கு அவர் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பின் முதற்பகுதி 1754இல் வெளிவந்து, வாங்குவாரின்மையால் நின்றுபோயிற்று. 1758இல் நிக்கோலாய் பள்ளித் தலைமையாசிரியரான பின்னரே வறுமை தணிந்தது.

கிரேக்க நூல்களில் அவர் செய்த பாடத்திருத்தங்கள் துணிவு மிக்கவை. சிலவிடத்து அளவு மீறியவை. ஆயினும் அவற்றுட் பல இன்றைய பதிப்புகளிலும் இடம்பெறுகின்றன.

1764இல் அவர் மணந்த எர்னஸ்டைன் கிறிஸ்டைன் முல்லர், கணவரிடமே இலத்தீனும் கிரேக்கமும் கற்றுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். இதனை 'உதவி' என ஒரு சொல்லில் கூறி அமைவர் சிலர். சுவடியொப்பீட்டின் உழைப்பை அறிந்தோர் அங்ஙனம் கூறார். 1770இல் தெமோஸ்தனிஸ் உரைகளோடு தொடங்கிய கிரேக்கச் சொற்பொழிவாளர் வரிசையை அச்சிடத் தம் நகைகளையும் அடகு வைத்தார். 1774இல் ரைஸ்கெ மறைந்தார். எஞ்சிய தொகுதிகளை அம்மையாரே முடித்து, 12 தொகுதிகளாக 1775இல் நிறைவு செய்தார். கணவரின் தன்வரலாறு 1783இல் அவர் முயற்சியால் வெளிவந்தது.

அரபு ஆய்வுக் கையெழுத்துப் படிகள் டென்மார்க்கு வரலாற்றறிஞர் சூம் கைக்குச் சேர்ந்தன. இடையில் நின்ற அபுல்ஃபிதா, அரபு மூலத்துடன் ஐந்து தொகுதிகளாக 1789 முதல் 1794 வரை கோபன்ஹேகனில் அச்சேறியது.